டாரன்டுலா தொடக்கப் பெட்டி: 90 டாலருக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவில் வளர்ப்புப் பிராணிக் கடைகளின் ஊர்வனப் பகுதிக்குப் போனால், பல்லி, ஆமை, பாம்பு ஆகியவற்றுக்கான பெட்டிகள் அடுக்கியிருக்கும் வரிசையிலேயே, பெரிய சிலந்திப் படம் அச்சிட்ட ஒரு பெட்டியும் இருக்கும். டாரன்டுலா என்னும் மயிரடர்ந்த பெரிய சிலந்தியை வளர்க்கத் தொடங்குபவருக்கு வேண்டிய எல்லாம் இதற்குள் இருக்கின்றன, சிலந்தியை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும் என்று அதன் மேல் எழுதியிருக்கும். டாலஸ் புறநகரில் வசிக்கும் குடும்ப நண்பர் ஒருவர் தம் மகனின் பிறந்தநாளுக்கு இதை வாங்கிவிட்டு, சிலந்தியை வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். டாரன்டுலாக்களையும் தேள்களையும் மரவட்டைகளையும் பல ஆண்டுகளாக வளர்த்து வருபவன் என்ற முறையில், உள்ளே இருந்த ஒவ்வொரு பொருளையும் வெளியே எடுத்து, அளந்து, சோதித்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். விலை, வரி நீங்கலாக 90 டாலர். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரை நான் சொல்லவில்லை. ஏறத்தாழ இதே பொருள்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதால், வாங்குபவர் பெயரைப் பார்ப்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பல்லிக்காக வடிவமைக்கப்பட்ட பெட்டி. சிலந்திக்காக மாற்றப்பட்டவை அட்டைப் படமும் கையேட்டின் தலைப்பும்தான். பல்லிக்கு வேண்டிய வெளிச்சமும் வெப்பமும் ஏறி விளையாட உயரமும் இதில் தாராளமாக இருக்கின்றன. தரையில் வளை தோண்டி வாழும் டாரன்டுலாவுக்கு முதன்மையாக வேண்டிய ஆழமான மண்ணுக்கு இடமே இல்லை. ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் தருகிறேன். அந்த ஒன்றரையும் கண்ணாடியின் தரத்துக்கும் உடன் வரும் தேங்காய் நார்த்தூளுக்கும் உரியது.

உள்ளே இருப்பவை: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக உள்ள கண்ணாடித் தொட்டி, அதற்கு முன்பக்கக் கதவும் மேலே கம்பிவலை மூடியும், அடியில் ஒட்டுவதற்கு ஹீட் மேட் எனப்படும் வெப்பத் தகடு, சிவப்பு பல்பும் அதற்கான குடையும், அழுத்தி உலர்த்திய தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்று, செயற்கைப் பிசினில் வார்த்த சிறு குகை, தண்ணீர்த் தட்டும் அதில் வைக்க ஒரு ஸ்பாஞ்சும், சுவரில் ஒட்டும் வட்ட வடிவ ஈரப்பதமானி, பிளாஸ்டிக் செடி, பிளாஸ்டிக் இடுக்கி, எட்டுப் பக்கக் கையேடு.

தொட்டியின் கண்ணாடி தடிமனானது. மூலைகளில் சிலிக்கான் பூச்சு ஒழுங்காக இருக்கிறது. கதவின் பூட்டு இறுக்கமாகப் பிடிக்கிறது. ஆனால் கதவின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அங்குல உயரத்திலேயே இருக்கிறது, அதற்குச் சற்றுக் கீழே காற்று புகும் துளைகளின் பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டைக்கு மேல் மண்ணைப் போட்டால் காற்று வழி அடைபடும், கதவைத் திறக்கும்போதெல்லாம் மண் வெளியே சரியும். ஆகவே இந்தத் தொட்டியில் அதிகம் போனால் இரண்டு அங்குல மண்தான் போட முடியும். உடன் தந்திருக்கும் ஒரே ஒரு நார்த்தூள் கட்டியும் ஊறவைத்தால் சரியாக அந்த அளவுக்குத்தான் வருகிறது.

இது ஏன் பெரிய குறை என்பதற்குச் சிலந்தியின் உடலமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் தொடக்க நிலையினருக்கு என்று பரிந்துரைக்கப்படும் சிலி ரோஜா டாரன்டுலா, முழு வளர்ச்சியில் கால் நுனி முதல் கால் நுனி வரை ஏறத்தாழ ஐந்து அங்குலம் இருக்கும். டாரன்டுலாவின் கால் மூட்டுகளில் முக்கியமான இரண்டை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடலுக்குள் இருக்கும் இரத்தநீரை அழுத்தித்தான் அது கால்களை நீட்டுகிறது. அந்த நீரின் பெரும் பகுதி, மெல்லிய தோல் மூடிய உருண்டையான வயிற்றில் இருக்கிறது. கண்ணாடிச் சுவரில் ஏறிய கனமான பெண் சிலந்தி அங்கிருந்து விழுந்து வயிறு கிழிந்தால், கசிவை நிறுத்துவது மிகக் கடினம். அழுத்தம் குறையக் குறையக் கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டுவிடும். காட்டில் தரைவாழ் டாரன்டுலாக்கள் வளைவாயிலை விட்டுத் தொலைவு போவதும் அரிது, உயரம் ஏறுவதும் அரிது. தொட்டியில் புதிதாக விடப்பட்ட சிலந்தியோ முதல் சில இரவுகளில் சுவர் முழுவதும் ஏறிச் சுற்றிப் பார்க்கும். பாதங்களின் அடியில் இருக்கும் மென்மயிர்க் கற்றைகள் கண்ணாடியிலும் பிடித்துக்கொள்ளும். எனவேதான் மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே சிலந்தியின் கால் வீச்சைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. ஐந்து அங்குலச் சிலந்திக்கு அது ஏழரை அங்குலம். இந்தத் தொட்டியில் இரண்டு அங்குல மண் போட்டால் மீதி பத்து அங்குலம். இடைவெளியைச் சரிசெய்யக் குறைந்தது நாலரை அங்குல மண் வேண்டும். கதவோ இரண்டரை அங்குலத்தில் தடுத்துவிடுகிறது. தயாரிப்பாளர் மண்ணைக் கூடுதலாகக் கொடுத்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இல்லை இது. தொட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது.

அடுத்தது மூடி. நெருக்கமான கறுப்புக் கம்பிவலை, அலுமினியச் சட்டம். ஓணானுக்கும் பல்லிக்கும் மேலிருந்து விளக்கு வெளிச்சம் படவேண்டும் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். டாரன்டுலாவின் ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நுண்ணிய கொக்கி நகங்கள் உண்டு. தலைகீழாக மூடியில் நடக்கும் சிலந்தியின் நகம் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டால், அது ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு இழுக்கும். ஒன்று, அந்தக் காலைத் தானே கழற்றிவிட்டு விழும், அல்லது தொங்கியபடியே ஓய்ந்துபோகும். இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மீண்டும் முளைக்கும் என்றாலும், உயரத்திலிருந்து விழுந்த உடலுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம். இந்த ஆபத்து வளர்ப்பாளர்களிடையே நீண்ட காலமாகத் தெரிந்ததுதான். அப்படியிருக்க, அட்டையில் டாரன்டுலா என்று எழுதி விற்கும் ஒரு பொருளில் கம்பிவலையை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நண்பரிடம் நான் முதலில் கழற்றச் சொன்னதும் இதைத்தான். வலையை எடுத்துவிட்டு, அதே அளவுக்கு வெட்டிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகட்டில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் துளைகளை வரிசையாகப் போட்டு அந்தச் சட்டத்திலேயே பொருத்தலாம். அக்ரிலிக்கும் சரிதான், ஆனால் துளையிடும் கருவியை வேகமாக ஓட்டினால் விரிசல் விடும்.

வெப்பத் தகட்டைப் பற்றிக் கையேடு இரண்டு வரிதான் சொல்கிறது: தொட்டியின் அடியில் ஒட்டி, நாள் முழுவதும் இயக்கத்தில் வைக்கவும். இந்த இரண்டு வரியும் வளை தோண்டும் உயிரின் இயல்புக்கு நேர் எதிரானவை. வெயிலில் தரை சூடேறும்போது, மண்ணுக்குள் கீழே போகப் போகக் குளிர்ச்சியும் ஈரமும் கூடும். எனவே சூடு தாங்காத டாரன்டுலா கீழ் நோக்கித்தான் தோண்டும். தகட்டை அடியில் ஒட்டிய தொட்டியில் அது எவ்வளவுக்குத் தோண்டுகிறதோ அவ்வளவுக்குச் சூட்டை நெருங்குகிறது. அது மேலேறித் தப்பிக்காமல், மீண்டும் கீழேயே போய் அந்தச் சூட்டிலேயே நீர் வற்றிச் சாகக்கூடும். தகட்டுடன் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி எதுவும் தரப்படவில்லை. நான் அதை வெறும் மேசைமேல் வைத்து ஒரு மணி நேரம் இயக்கியபோது, கையை அதன்மேல் நிலையாக வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடேறியது. உண்மையில் மனிதர் வசதியாக இருக்கும் அறை வெப்பமே, அதாவது 20 முதல் 26 டிகிரி செல்சியஸ், சிலி ரோஜாவுக்கும் மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டாரன்டுலாவுக்கும் போதும். இரவில் இன்னும் இரண்டு டிகிரி இறங்கினாலும் கவலையில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் அமெரிக்க வீடுகளில் தகட்டுக்கும் சிவப்பு பல்புக்கும் வேலையே கிடையாது. பல்பு, கம்பிவலை வழியாக மண்ணை மேலிருந்து உலர்த்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. இரண்டையும் பெட்டியிலிருந்து நீக்கினாலே விலை கணிசமாகக் குறைந்திருக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நார்த்தூள் கட்டி தரமானது. உறையில் இலங்கைத் தயாரிப்பு என்று அச்சிட்டிருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் கயிற்று ஆலைகளுக்கு வெளியே குவிந்து கிடக்கும் நார்த்தூளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அதே பொருள் டெக்சாஸில் ஒரு சிலந்தியின் வீட்டுத் தரையாக வந்து சேர்வது மகிழ்ச்சி தரும். இதில் உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, எளிதில் பூஞ்சை பிடிப்பதில்லை. ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரத்தில் முழுவதும் பிரிந்துவிட்டது. ஆனால் தனியாகப் பயன்படுத்தினால் காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்து, தோண்டிய வளை இடிந்துவிடும். உரம் கலக்காத தோட்டத்து மேல்மண்ணைப் பாதிக்குப் பாதி கலந்து, கைப்பிடியில் பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரத்தில், உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பரப்ப வேண்டும். அழுத்திய மண்ணில்தான் வளை நிற்கும். கையேடு தூவிப் பரப்பச் சொல்கிறது. அழுத்துவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஈரப்பதமானியைச் சோதித்துப் பார்த்தேன். சமையல் உப்பில் சில துளி நீர் விட்டுக் கூழ்போலக் குழைத்து, அதை ஒரு மூடியில் வைத்து, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைபெறும். யாரும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. காலையில் இந்தக் கருவியின் முள் 58-இல் நின்றது. பையை விட்டு வெளியே எடுத்து, குளிரூட்டிய வறண்ட அறையில் நாள் முழுவதும் வைத்த பிறகும் 55-க்குக் கீழே இறங்கவில்லை. அலங்காரப் பொருள் என்று விட்டுவிடலாமென்றால், கையேடு இந்த முள்ளை 70-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருக்கச் சொல்கிறது. முள் ஏறாது என்பதால், அதை நம்புகிறவர் நாள்தோறும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். சிலியின் வறண்ட புதர்க்காட்டிலிருந்து வந்த சிலந்தி ஈரமான தரையை வெறுக்கும். அதில் கால் வைக்காமல் சுவரிலும் குகையின் மேலும் தொற்றிக்கொண்டு நிற்கும். காற்றோட்டமில்லாத ஈரத்தில் பூஞ்சையும் சிறு ஈக்களும் பெருகும். இந்த வகைச் சிலந்திக்கு எண்ணைப் பார்க்கவே வேண்டியதில்லை: மண் பெரும்பாலும் உலர்ந்திருக்கட்டும், ஒரு மூலையை மட்டும் அவ்வப்போது நனைத்தால் போதும், தட்டில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

அந்தத் தட்டில் வைப்பதற்காகத் தந்திருக்கும் ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்துவிடலாம். டாரன்டுலா தட்டின் விளிம்பில் வாயை நீரில் அழுத்திக் குடிக்கும். அதற்கு ஸ்பாஞ்சு தேவையில்லை. இறந்த பூச்சியும் கழிவும் அதில் ஊறி, சில நாள்களில் நாற்றம் எடுக்கும். குகை அரை கையளவே இருக்கிறது, அடியும் மூடப்பட்டிருப்பதால் அதன் கீழே சிலந்தியால் தோண்ட முடியாது. ஒரு துண்டு கார்க் மரப்பட்டையைச் சாய்த்து அரைவாசி புதைத்து, அதன் அடியில் விரலால் ஒரு பள்ளம் செய்து வைத்தால், சிலந்தி அங்கிருந்து தன் வளையைத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் செடியால் தீங்கில்லை. இடுக்கி ஐந்து அங்குலம்தான், சிலந்திக்கும் விரலுக்கும் நடுவே அது போதாது. ஓரடி நீள உலோக இடுக்கி, நுனியில் ரப்பர் உறையோடு, தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

கையேட்டைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த வருத்தம். முதல் பக்கத்திலேயே ஒரு சிறுவன் தன் உள்ளங்கையில் சிலந்தியை வைத்துச் சிரிக்கும் படம். பழகப் பழக உங்களை அடையாளம் கண்டுகொள்ளும் என்று கீழே எழுதியிருக்கிறது. டாரன்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தாலும் பார்வை மங்கலானது. அது உலகத்தை அதிர்வாலும் தொடுகையாலும்தான் அறிகிறது. கையை அது சுவரையும் மண்ணையும் போல நடந்து கடக்கும் இன்னொரு பரப்பாகவே கொள்கிறது. திடுமென ஓடி, மார்பளவு உயரத்திலிருந்து தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அதைவிட முக்கியமானது, அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலாக்களில் பெரும்பாலானவை வயிற்றின் பின்பகுதியில் அரிப்பூட்டும் நுண்மயிர்களை வைத்திருக்கின்றன. அச்சமுற்றால் பின்னங்கால்களால் அவற்றை உதைத்துக் காற்றில் பரப்பும். தோலில் பட்டால் சில நாள் அரிப்பு. கண்ணில் பட்டால் நிலைமை வேறு. பிரிட்டனின் லீட்ஸ் நகரில் சிலி ரோஜா வளர்த்த ஒருவர், தொட்டியின் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிலந்தி பரப்பிய மயிர்கள் அவருடைய கருவிழியில் தைத்து, நாள்பட்ட கண் சிவப்போடு மருத்துவமனைக்குப் போனதை அங்குள்ள கண் மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் பதிந்திருக்கிறார்கள். மயிர்கள் மிகச் சிறியவை, அவற்றை முழுமையாக எடுக்கவும் முடியவில்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கென விற்கும் பொருளின் கையேட்டில், தொட்டியைச் சுத்தம் செய்யும்போது கண்ணாடி அணியுங்கள், முகத்தை உள்ளே நீட்டாதீர்கள், கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள் என்ற மூன்று வரிகள் இல்லை.

தோலுரிப்பைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். வளர்ப்பவர் சந்திக்கப்போகும் மிகப் பெரிய நிகழ்வு இதுதான். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உணவைத் தொடாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் சிலந்தி பட்டு விரிப்பு நெய்து அதன் மேல் மல்லாந்து படுத்துக்கொள்ளும். புதியவர் அதை இறந்ததாக எண்ணி எடுத்துப் போடவோ, பதறிப்போய்த் திருப்பிவிடவோ செய்தால் அந்த உயிர் போய்விடும். இறக்கும் சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே கால்களை அடியில் சுருட்டிக்கொண்டிருக்கும். மல்லாந்து கால்களை விரித்துக் கிடப்பது தோலுரிக்கும் சிலந்தி. சில மணி நேரத்தில் மேலோடு மூடி திறப்பதுபோல் பிளந்து, உள்ளிருந்து கால்களை ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். அப்போது அதன் நச்சுப்பற்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும். அடுத்த நாள்களில் அவை சிவந்து, பிறகு கறுத்து இறுகும் வரை அதற்கு இரை தரக் கூடாது. தொட்டிக்குள் மறந்துவிட்ட ஒரே ஒரு சுவர்க்கோழிப் பூச்சி, மென்மையான அந்த உடலைக் கடித்துக் கொன்றுவிடக்கூடும். கையேடு நாள்தோறும் இரண்டு பூச்சிகள் போடச் சொல்கிறது. வளர்ந்த சிலந்திக்கு ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரிரு பூச்சிகள் போதும். ஓர் இரவில் தின்னாததை மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும். சிலி ரோஜா மாதக்கணக்கில் உண்ணா நோன்பு இருப்பதற்குப் பேர்போனது. வயிறு சுருங்காதவரை அஞ்ச வேண்டாம்.

அட்டைப் படத்துக்கு வருகிறேன். மின்னும் நீல நிறத்தில், கால்களில் மஞ்சள் திட்டுகளுடன் ஒரு சிலந்தி. பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறது: பொசிலோதீரியா மெட்டாலிகா, நம் பக்கத்து ஆந்திரத்தின் சிலந்தி. 1899-இல் போக்காக் என்ற விலங்கியலாளர், அனந்தப்பூர் மாவட்டத்துக் குத்தி என்ற ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த மாதிரியை வைத்து இதை விவரித்தார். பிறகு நூறாண்டுக்கு மேல் யாரும் காணாதிருந்து, 2001-இல் கிழக்குத் தொடர்ச்சி மலையில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் மட்டுமே வாழும் இதை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. இது மரப்பொந்தில் வாழ்வது; மின்னல் வேகத்தில் ஓடுவது; அரிப்பு மயிர் இல்லாததால் கடித்தே தன்னைக் காத்துக்கொள்வது. பொசிலோதீரியா என்னும் இந்த இனக்குழுச் சிலந்திகள் கடித்தவர்களுக்குக் கடுமையான தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடித்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. தொடக்க நிலையினர் வாங்கவே கூடாத சிலந்தியின் படத்தைத் தொடக்க நிலையினருக்கான பெட்டியின் மேல் போட்டிருப்பது பொறுப்பற்ற செயல். படத்தைப் பார்த்து அதே சிலந்தியைக் கேட்டு வாங்கும் சிறுவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கூண்டில் பிறந்த குஞ்சுகள் விற்பனைக்குக் கிடைக்கவும் செய்கின்றன.

இதே இனக்குழுவின் இலங்கைச் சிலந்திகள் ஐந்தை அமெரிக்க அரசு 2018-இல் அருகிவரும் உயிரினச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது; அனுமதியின்றி அவற்றை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்க முடியாது. இராமேசுவரத்தில் கண்டறியப்பட்ட அனுமவிலாசுமிகா உட்பட இனக்குழு முழுவதும் 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிட்டுச் சிலந்தியையும் அஞ்சலில் வாங்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த பொட்டலம் ஒன்றைச் சென்னையில் சுங்கத்துறையினர் பிரித்தபோது, சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. அவை திருப்பி அனுப்பப்பட்டன. 2022-இல் திருத்தப்பட்ட இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் பட்டியல் இனங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்வதற்கான விதிகள் 2024-இல் வந்தன.

பெட்டியின் பக்கவாட்டில் தேள், மரவட்டை, துறவி நண்டு (காலிச் சங்குக்குள் வாழும் நண்டு) ஆகியவற்றுக்கும் ஏற்றது என்று போட்டிருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பேரரசுத் தேளுக்கு ஈரமான ஆழ்ந்த மண் வேண்டும். அரிசோனாவின் பாலைத் தேளுக்கு வறண்ட மணல் கலந்த தரை வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டார்கள். மரவட்டைக்கு மண்தான் உணவு. மக்கிய இலையும் இற்றுப்போன மரத்துண்டும் கலந்த தரையைத் தின்றே அது வாழ்கிறது; வெறும் நார்த்தூளில் விட்டால் மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும், வளர்ப்பவருக்குக் காரணமும் தெரியாது. துறவி நண்டுக்கு நன்னீரும் உப்புநீரும் தனித்தனித் தட்டுகளில் வேண்டும், தோலுரிக்க அது முழுவதும் புதையும் அளவுக்கு மணல் வேண்டும். இரண்டு அங்குலத்தில் அதுவும் நடக்காது.

இந்த 90 டாலருக்குப் பதிலாக என்ன வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: வீட்டுச் சாமான் வைக்கும் தெளிவான பிளாஸ்டிக் பெட்டி, பூட்டுக் காதுகளோடு, 15 லிட்டர் அளவில் ஒன்று, எதிரெதிர்ச் சுவர்களில் சூடான கம்பியால் இட்ட சிறு துளைகள், இரண்டு நார்த்தூள் கட்டிகள், ஒரு பை மேல்மண், ஒரு கார்க் பட்டை, பீங்கான் கிண்ணம், நீண்ட இடுக்கி. எல்லாம் சேர்ந்து 40 டாலருக்குள் முடிந்தது, நண்பர் வீட்டில் அப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன். அழகாக இருக்க வேண்டும் என்பவர்களுக்குச் சிலந்திக்கென்றே செய்யப்படும் அக்ரிலிக் தொட்டிகள் கிடைக்கின்றன. மண்ணுக்கு ஆழமான அடிப்பகுதியும் துளையிட்ட மூடியும் உள்ளவை நல்லவை, ஈரம் மிகும் இனங்களுக்கு மட்டும் மூடி நாளடைவில் வளைந்துவிடும். மிச்சமான பணத்தைச் சிலந்திக்குச் செலவிடலாம். கூண்டில் பிறந்ததா, ஆணா பெண்ணா என்று விற்பவரைக் கேளுங்கள். ஆண் சிலந்தி முதிர்ந்தபின் ஓரிரு ஆண்டுகள்தான் இருக்கும். பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும், கல்லூரிக்குப் போகும் மகனின் சிலந்தியைப் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை இப்போதே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே இந்தப் பெட்டியைப் பரிசாகப் பெற்றவர்கள், இரசீது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க முடியாதவர்கள் வெப்பத் தகடு, பல்பு, ஸ்பாஞ்சு, ஈரப்பதமானி நான்கையும் ஒதுக்கிவிட்டு, கம்பிவலையை மாற்றி, முன்கதவின் உட்பக்கம் ஐந்து அங்குல உயரத்துக்கு ஒரு அக்ரிலிக் தடுப்பைச் சிலிக்கானால் ஒட்டிக்கொள்ளலாம். கண்ணாடி மீன்தொட்டிக்கென விற்கும், பூஞ்சைக்கொல்லி சேர்க்காத சிலிக்கானாக இருக்க வேண்டும், புளித்த வாடை முழுவதும் போகும்வரை உலர விட வேண்டும். கீழ்த் துளைப் பட்டை மண்ணால் மூடப்படுவதால், அந்தத் தடுப்பின் மேற்பகுதியில் மண் மட்டத்துக்கு மேலே ஒரு வரிசைத் துளை இடுவது கட்டாயம்.